சொந்தமா ஏர் ப்யூரிஃபையர் செய்யும்போது எங்கெல்லாம் சொதப்புறோம்

நான் முதல்ல செஞ்ச ஏர் ப்யூரிஃபையரை இப்ப நினைச்சா சிரிப்புதான் வருது. ஒரு டேபிள் ஃபேன், அது முன்னாடி ஒரு ஹெபா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியைப் புடிக்கிற ஃபில்டர்), சுத்தி ரப்பர் பேண்டு, அவ்ளோதான். ஆன் பண்ணிட்டு முன்னாடி கைய வச்சு பாத்தா காத்தே வரல, சரி ஃபில்டர் நல்லா டைட்டா வடிகட்டுது போலனு நானே ஒரு காரணம் கண்டுபிடிச்சு சந்தோஷமா தூங்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு தற்செயலா ஃபேனுக்குப் பின்னாடி கை பட்டுச்சு, காத்து மொத்தமும் அங்கதான் வந்துட்டு இருந்துச்சு. பின்னாடி உறிஞ்சி, பின்னாடியே துப்பி, ஃபில்டர் சும்மா அலங்காரத்துக்கு உக்காந்திருக்கு.

இந்த ஒரு தப்புலயே பாதி விஷயம் இருக்கு. செய்யுறவங்க எல்லாரும் ஃபில்டரோட கிரேடைத்தான் பாக்குறாங்க, அது வழியா எவ்ளோ காத்து போகுதுன்னு யாரும் பாக்குறதில்ல. ஒரு ப்யூரிஃபையர் எவ்ளோ நல்லதுன்னு சொல்ற நம்பர் சிஏடிஆர், அதாவது ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோ சுத்தமான காத்து வெளிய வருதுன்னு ஒரு கணக்கு. ஃபில்டரோட திறமையையும் காத்தோட அளவையும் பெருக்குனா அதுதான். ஹெபா 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தூசியில 99.97 சதவீதம் புடிக்கும், சரி, ஆனா உங்க ஃபேன் அது வழியா 20 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 20 கியூபிக் அடி காத்துதான் தள்ளுதுன்னா கிடைக்கிறது வெறும் 20. அதே ஃபேன் கொஞ்சம் லேசான ஃபில்டர் வழியா 200 தள்ளி, அதுல 60 சதவீதம்தான் புடிக்குதுன்னாலும் 120 வந்துடும். ரூம் காத்து திரும்பத் திரும்ப அதே ஃபில்டருக்குத்தானே வரப்போகுது, முதல் ரவுண்டுல தப்பிச்சது அடுத்த ரவுண்டுல மாட்டும். ஆபரேஷன் தியேட்டருக்கு வேற கணக்கு, வீட்டுக்கும் பட்டறைக்கும் இதுதான் கணக்கு.

2020ல கொரோனா சமயத்துல ரிச்சர்ட் கோர்சினு ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர் சொன்ன ஐடியாவை, ஃபில்டர் கம்பெனி நடத்துற ஜிம் ரோசென்தால் செஞ்சு காட்டுனாரு, அதைத்தான் இப்ப கோர்சி ரோசென்தால் பெட்டினு சொல்றோம். நாலோ அஞ்சோ மெர்வ் 13 ஃபில்டரை (மெர்வ்ங்கிறது ஃபில்டரோட ரேட்டிங், நம்பர் கூடுனா நல்லா வடிகட்டும்) பெட்டி மாதிரி ஒட்டி, மேல 20 இன்ச் பாக்ஸ் ஃபேனை, அதாவது சதுரச் சட்டத்துக்குள்ள இருக்கிற ஃபேனை வச்சு, காத்து மேல்நோக்கி வெளிய போற மாதிரி விட்டா முடிஞ்சுது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கேம்பஸ்ல டெஸ்ட் பண்ணப்போ ஃபேன் ஸ்பீடைப் பொறுத்து சுமாரா 600லருந்து 850 சிஎஃப்எம் வரைக்கும் வந்துச்சு. கடையில வாங்குற பல மெஷின் இதுக்குப் பக்கத்துல கூட வராது. மெர்வ் 13 சின்ன தூசியில, அதாவது 0.3லருந்து 1 மைக்ரான் வரைக்கும் உள்ளதுல, பாதியாவது புடிச்சா போதும்னுதான் ரேட்டிங்கே. அப்புறம் எப்படி இவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னா பரப்பளவுதான் காரணம். நாலு ஃபில்டர்ல காத்து பிரிஞ்சு போறதால ஒவ்வொண்ணுலயும் மெதுவா போகுது, தடை குறையுது, மெதுவா போறதாலயே தூசியும் நல்லா மாட்டுது.

இதைப் புரிஞ்சுக்காம அடுத்து பண்ற தப்பு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஃபில்டரை அடுக்குறது. முதல்ல ஒரு மெர்வ் 8, அப்புறம் ஒரு 13, அப்புறம் ஒரு ஹெபா, கடைசில ஒரு கார்பன்னு சாண்ட்விச் மாதிரி. பாக்க செம கெத்தா இருக்கும், ஆனா சாதாரண ஃபேனால அவ்ளோ தடைய தாண்டி தள்ளவே முடியாது, டேபிள் ஃபேன் பாக்ஸ் ஃபேன் எல்லாம் திறந்த வெளியில காத்து வீசுறதுக்காக செஞ்சது, அழுத்தம் குடுக்குற வேலைக்கு இல்ல. ஃபேன் அட்டைல போட்டிருக்க சிஎஃப்எம் கூட எதிர்ல தடையே இல்லாதப்போ எடுத்த நம்பர், ஃபில்டர் போட்ட உடனே அது இறங்கிடும். கையில நாலு ஃபில்டர் இருந்தா பக்கம் பக்கமா வைங்க, அடுக்காதீங்க. முன்னாடி ஒரு வலை மட்டும் போட்டுக்கலாம், முடி நூல் எல்லாம் தடுக்கும், அதுவும் லேசானதா இருக்கணும். பழைய போர்வைய மடிச்சு ப்ரீ ஃபில்டர்னு கட்டி வச்சவங்களையும் நான் பாத்திருக்கேன்.

இன்னொரு பக்கம், 0.3 மைக்ரான்னு எழுதியிருக்கே, அதை விட சின்னது எல்லாம் ஓட்டை வழியா போயிடுமேனு பயப்படுறவங்க இருக்காங்க. ஃபில்டர் சல்லடை கிடையாது. ரொம்ப சின்ன துகள் நேர் கோட்டுல போகாது, காத்து மூலக்கூறுங்க மோதி மோதி தாறுமாறா ஆடிக்கிட்டே போகும், அதனாலயே நார்ல இடிச்சு ஒட்டிக்கும். புடிக்கக் கஷ்டமானது அந்த 0.3 பக்கத்துல இருக்கதுதான், அதனாலதான் அதை வச்சு டெஸ்ட் பண்றாங்க.

சரி, இப்ப லீக். இதுக்குத்தான் நான் அதிகமா திட்டுவேன், ஏன்னா இது சோம்பேறித்தனத்துல வர்ற தப்பு. காத்துக்கு எங்க ஈஸியோ அங்கதான் போகும், ஃபில்டர் ஓரத்துல ஒரு விரல்கடை சந்து இருந்தா போதும், எதிர்ல தடையே இல்லாத வழி, ஜாலியா அது வழியா உள்ள வந்து அப்படியே வெளிய போயிடும். மூலைங்க, ஃபேனும் ஃபில்டரும் சேர்ற விளிம்பு, அடிப்பக்க அட்டை, ஃபேனோட வயர் வர்ற ஓட்டை, இதெல்லாம் ஒண்ணு விடாம டேப் ஒட்டணும். ஒட்டி முடிச்சதும் இருட்டுல பெட்டிக்குள்ள டார்ச்சைப் போட்டு வெளிய இருந்து பாருங்க, எங்க கோடு மாதிரி வெளிச்சம் தெரியுதோ அங்க டேப் கிழிஞ்சிருக்கு. இல்லன்னா ஃபேன ஓட விட்டு ஒரு மெல்லிசான டிஷ்யூ பேப்பர் துண்டை விளிம்பு ஓரமா கொண்டு போங்க, சட்டுனு இழுத்தா சந்து இருக்கு.

பாக்ஸ் ஃபேனோட நாலு மூலை தனிக்கதை. இறக்கை வட்டம், பெட்டி சதுரம், அதனால மூலைல காத்து வெளிய போகாம திரும்பி உள்ள வரும், அதுவும் ஃபில்டர் ஆகாத ரூம் காத்து. அட்டைல ஒரு வட்ட ஓட்டை போட்டு, 20 இன்ச் ஃபேனுக்கு ஏறக்குறைய 15 இன்ச் வட்டம், காத்து வெளிய வர்ற பக்கத்துல ஒட்டிட்டா மூலை அடைஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை, செலவே இல்லாம காத்து கூடும், இதைப் பாதிப்பேர் பண்றதே இல்ல.

அப்புறம் ஃபில்டர் ஃபிரேம்ல ஒரு அம்புக்குறி இருக்கும், அது காத்து போற திசை, ஃபேன் உறிஞ்சுற அமைப்புன்னா அம்பு பெட்டிக்கு உள்பக்கமா இருக்கணும். இதை மாத்தி ஒட்டிட்டு ஒரு முழு ரோல் டேப்பும் தீந்த அப்புறம் கவனிக்கிற வலி இருக்கே, சொல்லி மாளாது. அளவு பத்தலனு ஹெபாவை கத்தரிக்கோல்ல வெட்டுறதும் வேணாம், பல ஹெபா ஷீட் கண்ணாடி நார்ல செஞ்சது, வெட்டுன ஓரத்துலருந்து அது உதிரும்.

சைஸ் கணக்கை யாரும் போடுறதே இல்ல, ஒரு ரூபாய் கூட செலவில்லாத வேலை. ரூம் 12க்கு 12 அடி, உயரம் 10 அடின்னா 1440 கியூபிக் அடி. மணிக்கு 5 தடவை மொத்தக் காத்தும் சுத்தமாகணும்னா, 2023ல அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி இந்த 5ஐத்தான் குறைஞ்சபட்ச இலக்கா வச்சுக்கச் சொல்லுச்சு, 7200ஐ 60ஆல வகுத்தா 120 சிஎஃப்எம் வேணும். 20க்கு 15 அடி பட்டறை, அதே உயரம், அங்க தூசி அதிகம்னு 10 தடவை வச்சா 500 வேணும். சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ண வச்சு கார் கேபின் ஃபில்டர் மேல ஒட்டி பெரிய ஹாலை சுத்தம் பண்ணப் போறேன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்.

கணக்கு சரியா போட்டும் தோத்துப் போறவங்க சத்தத்தை மறந்தவங்க. ஃபுல் ஸ்பீடுல இருக்கிற நம்பரை வச்சு செய்வாங்க, ராத்திரி சத்தம் தாங்காம ஒண்ணுல வைப்பாங்க, மூணாவது நாள் ஆஃப். படுக்குற ரூமுக்குன்னா லோ ஸ்பீடுலயே தேவையான காத்து வர்ற மாதிரி பெருசா செய்யுங்க, இல்ல 120 இல்லன்னா 140 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் அஞ்சாறு போட்டு செய்யுங்க, அதுலயும் ரேடியேட்டருக்குன்னு வர்ற, ஸ்டாட்டிக் பிரஷர் (தடையைத் தாண்டி காத்தைத் தள்ளுற அழுத்தம்) அதிகமுள்ள ஃபேன் பாத்து வாங்கணும். எல்லா ஃபேனோட ஆம்பியரையும் கூட்டிப் பாத்து அதுக்கு மேல தாங்குற 12 வோல்ட் அடாப்டர் போடுங்க, பழைய ரூட்டர் அடாப்டர் கிடந்துச்சுன்னு சொருகாதீங்க.

காத்துல தூசி எவ்ளோன்னு அளக்குற சென்சார் வாங்குறது நல்ல பழக்கம், ஆனா அதைக் கொண்டு போய் ப்யூரிஃபையர் வாய்கிட்டயே வச்சுட்டு பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் உள்ள நுண்தூசி) ரெண்டுதான் காட்டுது பாருங்கனு போட்டோ எடுக்கிறது ஏமாத்து வேலை, நம்மள நாமளே ஏமாத்திக்கிறது. ரூமோட அந்தக் கோடில, மூக்கு உயரத்துல வைங்க. ஜன்னல் கதவை சாத்தி கொஞ்சம் புகை உண்டாக்கி, மெஷின் இல்லாம எத்தன நிமிஷத்துல நம்பர் பாதியாகுதுன்னு ஒரு தடவை, மெஷினோட ஒரு தடவை பாருங்க. மெஷினால மட்டும் மணிக்கு 5 தடவை மாறுதுன்னா ஏறக்குறைய 8 நிமிஷத்துல பாதியாகணும். ஈரப்பதம் அதிகமான நாள்ல இந்த சென்சார்லாம் கூடுதலா காட்டும், ஹ்யூமிடிஃபையர் ஓடுனா சொல்லவே வேணாம், தண்ணித் துளியையும் தூசின்னு எண்ணிடும்.

நாத்தம், பெயிண்ட் வாசனை, கேஸ் இதெல்லாம் எந்த ஹெபாவும் புடிக்காது, அது துகளுக்கு மட்டும்தான். அதுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் கிலோ கணக்குல, கருப்புப் பொடி தூவுன ஸ்பாஞ்ச் ஷீட் கொஞ்ச நாள்ல நிரம்பி சும்மா ஆயிடும். கார்பன் மோனாக்சைடை கார்பன் கூட புடிக்காது, அதனால உள்ள எதையாவது எரிக்கிறீங்கன்னா ஜன்னலைத் திறங்க, ப்யூரிஃபையரை நம்பாதீங்க. ஓசோன் வர்ற மெஷினை உள்ள சொருகுறது ரொம்ப மோசம், ஓசோன் நுரையீரலை எரிக்கும், எலுமிச்சை பைன் வாசனை கிளீனரோட சேந்தா ஃபார்மால்டிஹைடு கூட உண்டாகும். யூவி லைட்டும் வேணாம், காத்து அதைத் தாண்டிப் போற கண நேரத்துல அது எதையும் பெருசா செய்யாது, உங்க கண்ணைத்தான் கெடுக்கும். ஃபேன் முன்னாடி ஈரத்துணி கட்டுறது, வாளித் தண்ணில காத்தை குமிழியா விடுறது, வீடியோல நல்லா இருக்கும், நுண்தூசி அதுல நிக்காது. ஈரம் காயலன்னா பூஞ்சை மட்டும் போனஸ்.

பட்டறைக்காரங்களுக்குத் தனியா சொல்லணும். ரம்பம், சாண்டர் ஓடுற இடத்துல இந்தப் பெட்டி ரெண்டாவது ஆள்தான், முதல் ஆள் மெஷின்லயே மாட்டுற டஸ்ட் கலெக்டர். தூசி கிளம்புற இடத்துலயே உறிஞ்சாம, காத்துல பறக்க விட்டுட்டு அப்புறம் பெட்டி புடிக்கும்னு இருந்தா, அது பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மூக்குக்குத்தான் போகும். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல வச்சுடுச்சு, அதனால மாஸ்க்கும் போடணும். பெட்டிய எங்க வைக்கிறீங்கங்கிறது இன்னும் முக்கியம். நிறைய பேர் இடைஞ்சலா இருக்குன்னு முதுகுப் பக்கம் வைக்கிறாங்க, அப்ப மேசைலருந்து கிளம்புற தூசி உங்க முகத்தைத் தடவிட்டுத்தான் பின்னாடி போகும். உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவுல வேலை இருக்கணும், அப்பதான் தூசி உங்களை விட்டு விலகிப் போகும். வேலை முடிஞ்ச உடனே ஆஃப் பண்ணவும் கூடாது, கண்ணுக்குத் தெரியாத தூசி மணிக்கணக்கா மிதக்கும், கொஞ்ச நேரம் ஓடட்டும்.

ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், வார்னிஷ் அடிக்கிற இடத்துல இதை ஓட்டவே ஓட்டாதீங்க. அந்த ஆவி தீப்புடிக்கும், சாதாரண ஃபேன் மோட்டாரும் சுவிட்சும் பொறி விடலாம். வெல்டிங் கிரைண்டிங் பக்கத்துலயும் வேணாம், அட்டையும் ஃபில்டரும் டேப்பும் ஒரு தீப்பொறிக்கு போதும்.

வீட்டுலயும் ஃபேன் தேர்வுல கொஞ்சம் பயம் இருக்கட்டும். தூக்கிப் போட வச்சிருந்த பழைய ஃபேனை எடுக்காதீங்க, ஃபில்டர் போட்டா மோட்டாருக்குக் குளிர்ச்சி குடுக்குற காத்தும் குறையும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூட பாக்ஸ் ஃபேன்னா 2012லயோ அதுக்கு அப்புறமோ தயாரான, சேஃப்டி முத்திரை உள்ளதாத்தான் எடுக்கச் சொல்லுது. முதல் நாள் பக்கத்துலயே இருந்து ஒரு மணி நேரம் ஓட்டி மோட்டார் பக்கம் தொட்டுப் பாருங்க, எரியுற வாசனை வந்தா அதோட விட்டுடுங்க.

கடைசியா கழுவுறது. ஃபில்டர் கருத்துப் போச்சுன்னு சோப்புத் தண்ணில அலசி வெயில்ல காய வச்சு திரும்பப் போடுவாங்க, பாக்க புதுசு மாதிரி இருக்கும். மெர்வ் 13 மாதிரி ஃபில்டர் நிறைய நாருக்கு மின்னேற்றம் குடுத்து செஞ்சது, சின்ன தூசி ஒட்டுறதே அதனாலதான், சோப்பும் ஆல்கஹாலும் அதை அழிச்சிடும், அப்புறம் அது வெறும் துணி. கருப்பா இருக்குன்னு மட்டும் மாத்தவும் வேணாம், அந்த 8 நிமிஷ டெஸ்டை அப்பப்ப பண்ணிப் பாருங்க, நேரம் நல்லா கூடிருச்சுன்னா மாத்துற காலம். மாத்துறப்போ மாஸ்க் போட்டு, வெளிய கொண்டு போய், தட்டாம உதறாம அப்படியே பெரிய பைக்குள்ள இறக்கிக் கட்டிடுங்க. நான் ஒரு தடவை ஹால்லயே தட்டிப் பாத்தேன், ஆறு மாசம் புடிச்சது மொத்தமும் ஆறு செகண்டுல வெளிய வந்துடுச்சு.