ஹைக்கு இயங்குதளத்தில் பைத்தான்: புதியவர்களுக்கான செய்முறை

விண்டோஸிலோ லினக்ஸிலோ பைத்தான் கொஞ்சம் எழுதிப் பழகியிருக்கிறீர்களா? அப்படியானால் ஒருமுறை ஹைக்குவிலும் அதை ஓட்டிப் பாருங்கள். இங்கே எந்தக் கோப்போடும் நமக்கு வேண்டிய தகவலை ஒட்டி வைக்கலாம். பிறகு அந்தத் தகவலைச் சொல்லித் தேடினால் கோப்புகள் உடனே வந்து நிற்கும். பைத்தானில் நாலைந்து வரி தெரிந்தால் போதும், இந்த வசதி முழுக்க நம் கைக்கு வந்துவிடும். எனக்கு ஹைக்கு பிடித்துப்போனதே இதனால்தான்.

முன்கதை சுருக்கமாக. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கஸே 1990இல் பீ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய இயங்குதளம் பீஓஎஸ். 2001இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளை பாம் என்ற நிறுவனம் வாங்கிக்கொள்ள, பீஓஎஸ்ஸை விட மனமில்லாத ஆர்வலர்கள் அதே ஆண்டு ஓப்பன்பீஓஎஸ் என்று புதிதாக எழுதத் தொடங்கினார்கள். 2004இல் அதற்கு ஹைக்கு என்று பெயர் மாறியது. இது லினக்ஸின் வகை அல்ல, கெர்னலே, அதாவது அமைப்பின் மையக்கருவே, தனி. ஆனாலும் டெர்மினலைத் திறந்தால் லினக்ஸில் பழகிய பேஷ் கட்டளைச்சூழல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் நிரலையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். இது 2024 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பீட்டாவை வைத்து எழுதியது.

படி 1: ஹைக்குவை நிறுவுதல்

இருக்கிற கணினியைக் கலைக்க வேண்டாம், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஹைக்கு தளத்திலிருந்து 64 பிட் எனிபூட் கோப்பை (நிறுவுவதற்கான வட்டுப் படிமம்) இறக்குங்கள். 32 பிட் பதிப்பு பழைய பீஓஎஸ் நிரல்களுக்கும் இடம் கொடுப்பதால் அதில் பேக்கேஜ் பெயர்கள் இரண்டு வகையாக வந்து புதியவரைக் குழப்பும். வர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி ஒன்றை, வகை 'அதர்' 64 பிட் என்று உருவாக்கி, 2 ஜிபி நினைவகமும் 16 ஜிபி வட்டும் கொடுங்கள். எனிபூட் கோப்பை சிடியாக மாட்டி ஓடவிட்டால், நிறுவலாமா, சும்மா பார்க்கலாமா என்று கேட்கும். நிறுவலைத் தேர்ந்து, வட்டை பீ ஃபைல் சிஸ்டமாக ஃபார்மேட் செய்துவிட்டு நிறுவுங்கள். முடிந்ததும் சிடியைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

விசைப்பலகையில் மட்டும் ஒரு வித்தியாசம். இங்கே காப்பி, பேஸ்ட்டுக்கு ஆல்ட் விசையோடு சி, வி. கன்ட்ரோல்-சி அடித்தால் டெர்மினலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுவிடும்.

படி 2: பைத்தானை வரவழைத்தல்

திரையின் வலது மேல்மூலையில் இருக்கும் டெஸ்க்பாரைச் சொடுக்கி, அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் டெர்மினலைத் திறங்கள். பிறகு இதைத் தட்டுங்கள்:

பிகேஜிமேன் இன்ஸ்டால் சிஎம்டி:பைத்தான்3

முதல் சொல் பி, கே, ஜி, எம், ஏ, என் என்ற ஆறு எழுத்து. சி, எம், டி, அப்புறம் முக்காற்புள்ளி, அதை ஒட்டி இடைவெளியில்லாமல் பைத்தான்3. 'பைத்தான்3 என்ற கட்டளையைத் தரும் பேக்கேஜ் எதுவோ அதைக் கொண்டுவா' என்று இதற்குப் பொருள். பேக்கேஜின் பெயரில் பதிப்பு எண்ணும் சேர்ந்திருக்கும், அதைத் தேடி அலையாமல் இருக்க இதுவே நல்ல வழி. தொடரலாமா என்று கேட்டால் என்டர் தட்டுங்கள். ஹைக்கு ஒரே பயனருக்கான அமைப்பு என்பதால் லினக்ஸில்போல நிர்வாகி அனுமதி கேட்கும் சூடோ எதுவும் தேவையில்லை. கட்டளை பிடிக்காதவர்கள் ஹைக்குடெப்போ என்ற பேக்கேஜ் கடையைத் திறந்து பைத்தான் என்று தேடியும் நிறுவலாம்.

இங்கே நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஹைக்கு பேக்கேஜைப் பிரித்துக் கொட்டுவதில்லை. பேக்கேஜான எச்பிகேஜி கோப்பு அப்படியே இருக்க, அதன் உள்ளடக்கம் சிஸ்டம் ஃபோல்டருக்குள் இருப்பதுபோல் மவுன்ட் ஆகிறது. அதனால்தான் சிஸ்டம் ஃபோல்டரின் பெரும்பகுதியில் நீங்கள் எதையும் எழுத முடியாது. பேக்கேஜை நீக்கினால் மிச்சம் மீதி கிடக்காது. ஏதாவது நிறுவி அமைப்பு கெட்டுப்போனாலும், தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்தால் வரும் மெனுவில் பேக்கேஜ்களின் முந்தைய நிலையைத் தேர்ந்து உள்ளே போய்விடலாம். துணிந்து பழக இதைவிட என்ன வேண்டும்!

படி 3: ஓடுகிறதா என்று பார்த்தல்

டெர்மினலில் பைத்தான்3 என்று தட்டினால் மூன்று அம்புக்குறிகள் வரும். அங்கே:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.பிளாட்ஃபார்ம்)

சிஸ் என்பது எஸ், ஒய், எஸ். விடை ஹைக்கு என்று தொடங்கினால் எல்லாம் சரி. வெளியே வர கன்ட்ரோல்-டி.

தமிழ்ச் சொற்களை அச்சிட்டுப் பார்க்க ஆசை வரும். ஹைக்கு முழுக்க யூனிகோடில் இயங்குவதால் எழுத்துகள் சரியாகவே சேமிக்கப்படும். ஆனால் உயிர்மெய்யைக் கோத்துக் காட்டும் வேலையில் அது இன்னும் பின்தங்கியிருக்கிறது. திரையில் கொம்பும் துணைக்காலும் இடம்மாறித் தெரிந்தால் உங்கள் நிரலைச் சந்தேகிக்காதீர்கள்.

படி 4: கோப்புகளுக்குக் குறிச்சொல் ஒட்டுதல்

இப்போது நாம் வந்த வேலை. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் குறிப்புகள் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, நாலைந்து டிஎக்ஸ்டி கோப்புகளைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் 'பாடம்: கணக்கு' என்ற குறிச்சொல்லை ஒட்டப்போகிறோம்.

அதற்கு முன், தேடலுக்கு உதவும் அட்டவணையான இண்டெக்ஸை உருவாக்க டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

எம்கேஇண்டெக்ஸ் பாடம்

எம், கே, ஒட்டி இண்டெக்ஸ். 'பாடம்' என்பதையும் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. இண்டெக்ஸ் உருவான பிறகு ஒட்டிய குறிச்சொற்கள் மட்டுமே தேடலில் கிடைக்கும், முன்பே ஒட்டியவை கோப்பில் இருந்தாலும் கண்ணில் படாது.

அடுத்து, ஹைக்குவோடு வரும் பீ (ஆங்கிலத்தில் Pe) எடிட்டரில் கீழ்க்கண்டதை எழுதி அதே ஃபோல்டரில் ஒட்டு.பிஒய் என்று சேமியுங்கள்:

இம்போர்ட் ஓஎஸ்
இம்போர்ட் சப்பிராசஸ்
ஃபார் கோப்பு இன் ஓஎஸ்.லிஸ்ட்டிர்("."):
    இஃப் கோப்பு.எண்ட்ஸ்வித்(".டிஎக்ஸ்டி"):
        சப்பிராசஸ்.ரன்(["ஆட்ஆட்டர்", "பாடம்", "கணக்கு", கோப்பு])

லிஸ்ட்டிர் என்பது 'லிஸ்ட்' என்ற சொல்லோடு டி, ஐ, ஆர். ஆட்ஆட்டர் என்பது ஏ, டி, டி, ஏ, டி, டி, ஆர். இது ஹைக்குவின் சொந்தக் கட்டளை, முதலில் குறிச்சொல்லின் பெயர், பிறகு மதிப்பு, கடைசியில் கோப்பு. பைத்தானிலேயே இதற்கு செட்எக்ஸ்ஆட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது லினக்ஸில் மட்டும்தான், ஆகவே ஹைக்குவின் கட்டளையைப் பைத்தான் வழியாக அழைக்கிறோம். கட்டளையைப் பட்டியலாகக் கொடுத்திருப்பதால் கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தாலும் சிக்கல் வராது.

சிடி கட்டளையால் அந்த ஃபோல்டருக்குள் போய் 'பைத்தான்3 ஒட்டு.பிஒய்' என்று ஓட்டுங்கள். திரையில் எதுவும் வராது, அதுதான் சரி. லிஸ்ட்ஆட்டர் என்று தட்டி ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒட்டிய குறிச்சொல் பட்டியலில் தெரியும். இனித் தேடல்:

குவரி 'பாடம்=="கணக்கு"'

வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை. கோப்புகளின் முழு முகவரிகள் வரிசையாக வரும். ஹைக்குவின் கோப்பு மேலாளரான டிராக்கரின் தேடல் சாளரத்தில் ஃபார்முலா முறையைத் தேர்ந்து இதே வரியைக் கொடுத்தால், விடை ஒரு ஃபோல்டர்போலத் திறக்கும். அதைத் திறந்தே வைத்துக்கொண்டு, வேறொரு கோப்புக்கு அதே குறிச்சொல்லை ஒட்டுங்கள். அந்தக் கோப்பு தானாக அங்கே வந்து சேர்வதைப் பார்க்கலாம்.

படி 5: வெளி நூலகங்கள்

முதலில் ஹைக்குடெப்போவில் தேடுங்கள். எண் கணக்கீட்டுக்கான நம்பை போன்ற பெரிய நூலகங்கள் அங்கே ஆயத்தமாக உண்டு. அங்கே இல்லாதவற்றுக்கு 'பைத்தான்3 -எம் வென்வ் சோதனை' என்று தனிச் சூழல் அமைத்து, அதற்குள் பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முழுக்கப் பைத்தானில் எழுதியவை பெரும்பாலும் சிரமமில்லாமல் ஏறிவிடும். சி மொழிப் பகுதி கொண்டவற்றை மூலத்திலிருந்து கம்பைல் செய்ய வேண்டியிருக்கும், தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஒட்டிய குறிச்சொற்கள் பீ ஃபைல் சிஸ்டத்தில்தான் நிலைக்கும். ஃபேட்32 பென்டிரைவில் கோப்பை நகலெடுத்தால் அவை காணாமல் போகும். வேறு ஹைக்கு கணினிக்குக் கொண்டுபோவதானால் ஹைக்குவிலேயே ஜிப் செய்து எடுத்துப் போங்கள், குறிச்சொற்களும் கூடவே வரும்.