பர்மாவா மியன்மாரா: பெயரை வைத்து ஆளை அளக்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

எங்கள் சனசமூக நிலையத்தில் காலைப் பேப்பர் பார்க்கும்போது அடிக்கடி எழும் கதை இது. யாரோ ஒரு அமெரிக்க அரசியல்வாதி 'பர்மா' என்று சொல்லியிருப்பார், உடனே ஒருவர் "இவருக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்து நினைப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தயவுசெய்து இந்தப் பிழையை விடாதீர்கள். 1989இல் இராணுவ அரசு மக்களைக் கேட்காமல் நாட்டின் ஆங்கிலப் பெயரை மியன்மார் என்று மாற்றியது. அதை ஏற்காமல் பர்மா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆங் சான் சூகியும் ஜனநாயகத்துக்காக நின்றவர்களும்தான். அமெரிக்க அரசு இன்றுவரை பர்மா என்றே எழுதுகிறது. ஆனால் 2012இல் ஒபாமா யாங்கூனுக்குப் போனபோது, அந்த நாட்டு ஜனாதிபதி தெய்ன் செய்னுக்குப் பக்கத்தில் நின்று மரியாதைக்காக மியன்மார் என்றார். 2016இல் வெளிவிவகார அமைச்சரான சூகியே, எந்தப் பெயரையும் பாவிக்கலாம் என்று தூதுவர்களிடம் சொன்னார். ஆகவே யார், எங்கே, யாருக்கு முன்னால் சொன்னார் என்று பார்க்காமல் ஆளை அளக்கக் கூடாது.

என் அப்பப்பா மலாயன் பென்சன்காரர். 1963இல் மலேசியா உருவாகிப் பல வருடங்களுக்குப் பிறகும் சாகும்வரை மலாயா என்றுதான் சொன்னார். அவர் இளமையில் உழைத்த ஊர் அந்தப் பெயரில்தான் இருந்தது, வேறு காரணம் கிடையாது.

அடுத்தது, பழைய பெயர் என்றால் வெள்ளைக்காரன் வைத்தது, புதியது என்றால் மண்ணின் பெயர் என்று நினைப்பது. பர்மிய மொழியில் 'பமா' பேச்சு வழக்கு, 'மியன்மா' எழுத்து வழக்கு, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1948இல் சுதந்திரம் கிடைத்தபோதே பர்மிய மொழியில் நாட்டின் பெயர் மியன்மா. மியன்மார் என்பது எல்லா இனங்களையும் அடக்கும் பெயர் என்று இராணுவம் சொன்னாலும், இரண்டு சொல்லும் பெரும்பான்மைப் பமர் இனத்தின் பெயரிலிருந்து வந்தவையே. அங்கே சிறுபான்மையாக வாழும் ஒரு கச்சின்காரருக்கோ கரென்காரருக்கோ அதில் தங்கள் பெயர் எங்கே என்ற கேள்வி வருவது எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்கள் நாட்டுக் கதையும் கொஞ்சம் இப்படித்தான். 1972 மே 22இல் ஆங்கிலத்தில் சிலோன் போய் ஸ்ரீ லங்கா வந்தது, ஆனால் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் இன்றும் இலங்கைதான். இது தெரியாமல் ஆங்கிலச் செய்தியை அப்படியே பெயர்த்து "இலங்கை 1972இல் ஸ்ரீ லங்காவாக மாறியது" என்று எழுதினால் வாசிக்கிற பிள்ளை குழம்பிப்போகும். துருக்கியும் அப்படித்தான். 2022இல் ஐநாவில் துர்க்கியே என்று மாற்றக் கேட்டார்கள். ஆங்கிலப் பெயர் வான்கோழியையும் குறிக்கிறது என்ற மனக்குறை அதற்குப் பின்னால் இருந்தது. தமிழ்ச் சொல்லில் அந்தக் கோழி கிடையாது, அதனால் துருக்கி என்று எழுதுவது அவமதிப்பு என்று நான் நினைக்கவில்லை.

"பேரில என்ன கிடக்கு" என்று தட்டிவிடுவதும் பிழைதான். மக்கெதோனியாவைப் பாருங்கள். கிரேக்கத்துக்குள்ளும் அதே பெயரில் ஒரு பகுதி இருக்கிறது, பெயரை விட்டால் நாளைக்கு நிலத்தையும் கேட்பார்கள் என்று கிரேக்கர் பயந்தார்கள். 1993இல் அந்த நாடு 'முன்னாள் யூகோஸ்லாவிய மக்கெதோனியக் குடியரசு' என்ற நீண்ட பெயரோடுதான் ஐநாவுக்குள் போக முடிந்தது. 2008இல் நேட்டோ கதவும் இதே காரணத்தால் மூடியது. 2018இல் இரண்டு நாடுகளும் பெயர்ச் சண்டையைத் தீர்த்த பிரெஸ்பா ஒப்பந்தம், 2019 பெப்ரவரியில் வட மக்கெதோனியா, 2020இல் நேட்டோ உறுப்புரிமை. இதில் கவனிக்க வேண்டியது, 1995இல் ஒரு பிரதமர் பேசியதைப் பற்றி எழுதும்போது வட மக்கெதோனியா என்று போடாதீர்கள், அப்போது அப்படி ஒரு பெயரே இல்லை.

கடைசியாக, மொழிபெயர்க்கும்போது அரசியல்வாதியின் சொல்லை நீங்களாகத் திருத்தாதீர்கள். தாய்வான் மற்ற நாடுகளில் பெரும்பாலும் தன் தலைநகரான 'தாய்பெய்' என்ற பெயரில் நடத்தும் பிரதிநிதி அலுவலகத்தை, 2021இல் லித்துவேனியா 'தாய்வான்' என்ற பெயரிலேயே திறக்க விட்டது. தாய்வானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, அதற்காக லித்துவேனியாவுடனான தூதரக உறவை ஒரு படி கீழே இறக்கியது. அந்தச் செய்தியில் தாய்வானை எடுத்துவிட்டு தாய்பெய் என்று போட்டால், சீனா ஏன் கோபப்பட்டது என்றே வாசகருக்கு விளங்காது.