சின்ன கிராண்ட்டில் பெரிய கேள்வி: இளம் மருத்துவ ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.டி. முடித்து அசிஸ்டென்ட் புரொஃபசராகச் சேர்ந்த கையோடு, முதல் ஆராய்ச்சி கிராண்ட்டுக்கு எழுதிய புரபோசலைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் என்னிடம் வருவது வழக்கம். வேலூருக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் ஆராய்ச்சிக்கான கேள்விகளுக்குக் குறைவே இல்லை. பாம்புக்கடி, உண்ணிக் காய்ச்சல், சர்க்கரை நோய் என்று வார்டு முழுக்கக் கேள்விகள்தான். ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. கடைசித் தேதியைத் தவறவிடுவது, பக்க வரம்பை மீறுவது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

சின்னப் பணத்தில் பெரிய கேள்வி

இதில்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். நல்ல மருத்துவர், கெட்டிக்காரி. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு, அதாவது ஸ்க்ரப் டைஃபஸுக்கு, இரண்டு மருந்து முறைகளை ஒப்பிட்டு எதில் இறப்பு குறைகிறது என்று பார்ப்பதாகத் திட்டம். பட்ஜெட் ஐந்து லட்சம், காலம் ஒரு வருடம், ஒரு பிரிவுக்கு 60 பேர்.

பேப்பரை எடுத்து அவள் எதிரிலேயே கணக்குப் போட்டேன். இறப்பு 6 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியாகக் குறைவது மிகப் பெரிய பலன். அதைக்கூட வழக்கமான 80 சதவீதப் பவரில் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தை ஆய்வு தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்க ஒரு பிரிவுக்குச் சுமார் 750 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 1,500. அவளிடம் இருப்பது 120.

"தெரியும் மேடம். ஆனா சின்னக் கேள்வியா கேட்டா ரெவ்யூவர் மதிக்க மாட்டாங்கல்ல?"

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். இதே நோய்க்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், இரண்டும் சேர்ந்தது என்று மூன்று பிரிவாக ஒப்பிட்ட இன்ட்ரஸ்ட் ஆய்வு, வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அதற்கு இந்தியாவில் ஏழு மையங்கள், ஏறத்தாழ 800 நோயாளிகள், 2018 முதல் 2022 வரை காலம், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பின் நிதி எல்லாம் தேவைப்பட்டன. அவர்களும் இறப்பை மட்டும் அளவுகோலாக வைக்கவில்லை. இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அதில் இரண்டு மருந்தும் சேர்ந்த பிரிவு தெளிவாக முந்தியது. இறப்பை மட்டும் தனியாக எடுத்தால் பிரிவுகளுக்குள் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அத்தனை பெரிய ஆய்வாலேயே தீர்க்க முடியாததை ஐந்து லட்சத்தில் ஒரே ஆள் தீர்ப்பதாக எழுதினால் ரெவ்யூவர் எப்படி நம்புவார்?

கிராண்ட் கிடைக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. கிடைத்துவிட்டால்தான் நஷ்டம் பெரிது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படித்தான் கிடைத்தது. இரண்டு பருவம் ஓடியாடி ஆட்களைச் சேர்த்தார். கடைசியில் வித்தியாசம் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டுரையை எந்த ஜர்னலும் எடுக்கவில்லை. ஃபெலோஷிப்புகள் பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு, அல்லது பட்டம் வாங்கிய நாளிலிருந்து வருடக் கணக்கு உண்டு. அந்தக் கதவும் அவருக்கு அடைத்துப் போனது. அதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. காய்ச்சலோடு படுத்திருந்தவர்கள் கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். அதிலிருந்து யாருக்கும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

சரி, அந்தப் பெண் என்ன கேட்டிருக்கலாம்? இந்த நோயில் காலதாமதம்தான் ஆளைக் கொல்கிறது. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். எஸ்கார் என்போம். அது அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும் ஒளிந்திருப்பதால், துணியை விலக்கிப் பார்க்காதவர் கண்ணில் படாது. நோயாளி முதலில் மெடிக்கல் ஷாப்புக்கோ ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆர்.எம்.பி.யிடமோ (முறையான மருத்துவப் பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்ப்பவர்) போகிறார். அங்கே கிடைக்கும் அமாக்சிசிலினோ செஃப்ட்ரியாக்சோனோ இந்தக் கிருமியிடம் பலிக்காது. அப்படியானால், காய்ச்சல் தொடங்கிய எத்தனையாவது நாளில் சரியான மருந்தின் முதல் டோஸ் விழுகிறது? எங்களிடம் வருவதற்கு முன்பே அதைப் பெற்றவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் என்று வைத்துக்கொண்டால், முன்பின் 8 சதவீதத் துல்லியத்தில் பதில் சொல்ல 150 பேர் போதும். ஐந்து லட்சத்துக்கும் ஒரு பருவத்துக்கும் அடங்கும் கேள்வி இது. கிடைக்கும் விடை நிச்சயமாக ஒரு விடை. தாமதத்தைக் குறைக்க நாளைக்கு ஒரு பெரிய ஆய்வு எழுதும்போது முதல் பத்தியில் இந்த எண்தான் வந்து உட்காரும்.

ரெவ்யூ கமிட்டிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சின்ன கிராண்ட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது, இந்த ஆள் இந்தப் பணத்தில் இந்தக் காலத்துக்குள் இதை முடிப்பாரா என்பதைத்தான். நான்கு நோக்கங்களை அடுக்கி வைத்த புரபோசல் அங்கேயே விழுந்துவிடும். ஒன்று போதும். மனசு கேட்கவில்லை என்றால் துணைக்கு இன்னொன்று.

பருவத்தை மறப்பது

உண்ணிக் காய்ச்சல் எங்கள் பக்கம் மழைக்குப் பிறகு ஏறி, பனிக்காலம் முடிய இறங்கும். அனுமதிக் கடிதம் ஜனவரியில் வந்து, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் மார்ச்சில் கிடைத்தால், ஒரு வருட கிராண்ட்டில் பாதிக்கு மேல் ஆளில்லாமல் ஓடிவிடும். அதற்குள் பிராஜெக்ட் ஸ்டாஃப் வேறு வேலை பார்த்துப் போய்விடுவார். எத்திக்ஸ் விண்ணப்பத்தைப் புரபோசலோடு சேர்த்தே தயார் செய்யுங்கள். மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் முன்கூட்டியே வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிவு செய்தால்தான் அங்கே ஏற்கிறார்கள்.

பேராசிரியரின் கேள்வியைக் கொஞ்சம் சுருக்கிக் கொண்டுவருவது

வழிகாட்டியின் பத்து வருட வேலையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துத் தன் புரபோசல் என்பார்கள். எழுத எளிதுதான். மாதிரிகள் ஏற்கெனவே ஃப்ரீசரில் இருக்கும், முறைகளும் பழகியவை. ஆனால் அடுத்த கட்டத்து நேர்காணலில், "இதில் உங்களுடையது எது?" என்று கேட்பார்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். ஆனாலும் இந்தியா அலையன்ஸ் ஆனாலும் இளம் ஆய்வாளருக்குப் பணம் கொடுப்பது அவர் தனியாக நிற்பார் என்ற நம்பிக்கையில்தான். வழிகாட்டியின் ஆய்வகத்தைப் பயன்படுத்துங்கள், அவரிடம் யோசனையும் கேளுங்கள். கேள்வி மட்டும் நீங்கள் வார்டில் பார்த்ததிலிருந்து வரட்டும். கட்டுரையில் தொடர்புக்குரிய ஆசிரியர் (ஜர்னலோடு கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்) யார் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே மரியாதையோடு பேசி முடித்துவிடுங்கள். கட்டுரை எழுதிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

கன்சென்ட் படிவம் தமிழில் மட்டும்

குப்பம், பலமனேர், சித்தூரிலிருந்து வருபவர்கள் எங்கள் ஓ.பி.யில் தினமும் உண்டு. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் ஏராளம். பேரணாம்பட்டிலிருந்து வருபவருக்கு உருது வசதியாக இருக்கலாம். தமிழ், ஆங்கிலச் சம்மதப் படிவங்களை மட்டும் வைத்து எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வாங்கிவிட்டால், தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவரை ஆய்வில் சேர்க்க வழியில்லை. பிறகு மொழிபெயர்த்து, திரும்ப மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்த்து, திருத்தத்துக்காகக் கமிட்டியிடம் மறுபடி போக வேண்டும். அதற்குள் பருவம் போய்விடும்.

சில புதியவர்கள் தமிழ்ப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தெலுங்கில் சொல்லிக் கைநாட்டு வாங்குகிறார்கள். கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி விளக்கத்தின்போது பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பிராஜெக்ட் நர்ஸ் அந்தச் சாட்சி ஆக முடியாது.

கருவி வாங்குவது

வேண்டாம். பக்கத்துத் துறையில் இருக்கும், போய்க் கேளுங்கள்.

கிட்டுகளை மொத்தமாக வாங்குவது

ரத்தப் பரிசோதனைக்கான எலைசா கிட்டில் 96 குழிகள். சோதனை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கண்ட்ரோல்களுக்கே சில போய்விடும். மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கினால், நோயாளிகள் வருவதற்குள் கிட்டுகள் காலாவதியாகும். தவணையாக அனுப்பச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள்.

யூ.சி.யைக் கடைசிக்குத் தள்ளுவது

அடுத்த தவணை வர, பணம் எப்படிச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழும் (அதுதான் யூ.சி.) முன்னேற்ற அறிக்கையும் போக வேண்டும். மத்திய அரசுப் பணம் என்றால் அதன் பொது நிதி விதிகளில் வரும் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம். வங்கியில் சேர்ந்த வட்டி உங்களுடையதில்லை, திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு இடத்தில் கணக்குப் பிரிவின் மேசையில் கையெழுத்துக்காக அந்தத் தாள் மாதக்கணக்கில் கிடந்தது. இங்கே சம்பளம் வராத பிராஜெக்ட் ஸ்டாஃப் வாடகைக்குக் கடன் வாங்கினார். பில்களை மாதாமாதம் ஒட்டி வையுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் நீங்களே தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

"டூட்டியோடு சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்"

முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது ஆய்வுக்கு என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை அடுத்த டூட்டி லிஸ்ட் வரைதான் தாங்கும்.

நிராகரிப்புக் கடிதத்தை மூடி வைப்பது

ரெவ்யூவர் கருத்து வந்திருந்தால் அதை வரிவரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, புரபோசலைத் திருத்தி, அடுத்த அழைப்பிலேயே போடுங்கள். அதே ரெவ்யூவரிடம் போகவும் வாய்ப்பு உண்டு.