ஜனவரியில் மாறும் விதிகள்: பிளாக் ஃபார்மேட்டரைச் சிக்கலில்லாமல் புதுப்பிப்பது எப்படி?

பைத்தான் நிரலைச் சீராக அடுக்கித் தரும் பிளாக் ஃபார்மேட்டரைப் பயன்படுத்தும் பல குழுக்களுக்கு ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குழப்பம் வருகிறது. டிசம்பர் வரை பச்சை காட்டிய சிஐ சோதனை (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை), யாரும் ஒரு வரியைக்கூடத் தொடாதபோதே சிவப்பாகிவிடும். நிரலில் பிழை எதுவும் இருக்காது. பிளாக்கின் விதிகள் மாறியிருக்கும். எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்காததால், புதிய பதிப்பு தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த மாற்றம் திடீரென்று வருவதில்லை. பிளாக் குழு அதற்கென ஒரு கால ஒழுங்கை வைத்திருக்கிறது. அந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டால், புதுப்பிப்பு அரை நாள் வேலையாக முடிந்துவிடும்.

கட்டளைகள், அமைப்புப் பெயர்கள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஒரு விதி எப்படி உள்ளே வருகிறது

பிளாக் 2018இல் வெளிவந்தது. உருவாக்கியவர் வூகாஷ் லங்கா. பல ஆண்டுகள் அது பீட்டா நிலையிலேயே இருந்தது. அந்தக் காலத்தில் எந்த வெளியீட்டிலும் விதி மாறலாம். 2020 ஆகஸ்டில் வந்த 20.8 பீட்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில்தான் 'மேஜிக் டிரெய்லிங் காமா' விதி நுழைந்தது. அடைப்புக்குள் கடைசி உறுப்புக்குப் பின்னும் ஒரு காமா இருந்தால், வரி குட்டையாக இருந்தாலும் ஒவ்வொரு உறுப்பும் தனி வரிக்குப் போகும்:

```
முடிவு = கணக்கிடு(அசல், வட்டி, காலம்,)
```

இது இப்படி ஆகும்:

```
முடிவு = கணக்கிடு(
    அசல்,
    வட்டி,
    காலம்,
)
```

நல்ல விதிதான். எந்தப் பட்டியல் விரிந்து இருக்க வேண்டும் என்பதை எழுதுபவரே முடிவு செய்ய முடிகிறது. ஆனால் பழைய நிரல்களில் அப்படிப்பட்ட காமாக்கள் நிறையக் கிடந்ததால், பதிப்பைப் பூட்டி வைக்காத திட்டங்களில் ஒரே நாளில் பெரிய பெரிய வேறுபாடுகள் கிளம்பின.

2022 ஜனவரியில் வந்த 22.1.0தான் பீட்டா முத்திரை இல்லாத முதல் வெளியீடு. நிலைத்தன்மைக் கொள்கையும் அதனுடன் நடைமுறைக்கு வந்தது: பிளாக் ஒருமுறை வடிவமைத்த நிரலை, அதே அமைப்புகளுடன், அதே நாள்காட்டி ஆண்டின் வேறு எந்த வெளியீட்டில் ஓட்டினாலும் அது மாறாது. வடிவ மாற்றங்கள் புத்தாண்டின் முதல் வெளியீட்டில் மட்டுமே வரலாம். பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்லும். 24.10.0 என்றால் 2024 அக்டோபர், 25.1.0 என்றால் 2025 ஜனவரி. ஆகவே எண்ணின் முதல் பகுதி மாறினால் கவனம் தேவை. மற்றது மாறினால் பயப்பட வேண்டாம்.

புதிய விதி முதலில் 'பிரிவியூ' என்ற முன்னோட்ட நிலையில் சேர்கிறது. பிளாக்கின் மூல நிரலில் ஒவ்வொரு முன்னோட்ட விதிக்கும் ஒரு தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர் இயக்கத்தில் இருந்தால் மட்டும் புதிய வழி, இல்லையென்றால் பழைய வழி. இதனால் ஒரே பதிப்புக்குள் இரண்டு நடைகளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ முடிகிறது. விதியைச் சேர்க்கும்போது 'டிஃப்-ஷேட்ஸ்' என்ற கருவி பல திறந்தமூலத் திட்டங்களின் மீது பழையதையும் புதியதையும் ஓட்டி, எத்தனை கோப்புகள் மாறுகின்றன, எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டுக் காட்டும். அதில் தேறியவற்றிலிருந்துதான் ஜனவரி வெளியீட்டில் நிலையான நடைக்கு ஏற்றம் கிடைக்கிறது.

இன்னும் பக்குவப்படாதவற்றுக்கு 24.1.0இலிருந்து 'அன்ஸ்டேபிள்' என்ற தனிப் படி இருக்கிறது. நீண்ட சரங்களை வெட்டி ஒட்டும் விதி அங்கேதான் இருக்கிறது. சரத்தைத் தொடும் விதிக்கு அவ்வளவு எச்சரிக்கை தேவைதான்.

ஏறிய விதி திரும்பி இறங்குவதும் உண்டு. 2023 நடை, ஒரு தொகுதி தொடங்கியதும் வரும் வெற்று வரியை அழித்தது. நிபந்தனைக்குக் கீழே மூச்சுவிட ஒரு வரி விட்டு எழுதியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2024 நடை அந்த வெற்று வரியை மறுபடி அனுமதித்தது. செயற்கூற்றின் தலைப்பு வரிக்கு நேர் கீழே மட்டும் கூடாது என்றது. விதிகள் மக்கள் பயன்பாட்டில் தேய்ந்து சரியாகின்றன என்பதற்கு இது சான்று. அதனால்தான் முன்னோட்டக் காலத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

படி 1: பதிப்பைப் பூட்டுங்கள்

திட்டத்தின் அமைப்புகள் இருக்கும் பைபுராஜெக்ட்.டாம்ல் கோப்பில் இப்படி எழுதுங்கள்:

```
[டூல்.பிளாக்]
ரெக்வயர்ட்-வெர்ஷன் = "24"
லைன்-லெங்த் = 88
```

88 என்பது பிளாக்கின் இயல்பு நீளம்தான். வெளிப்படையாக எழுதி வைத்தால் புதிதாக வருபவர் கேள்வி கேட்க மாட்டார். ரெக்வயர்ட்-வெர்ஷனில் முழு எண்ணையும் தரலாம், ஆண்டு எண்ணை மட்டும் தரலாம். நாங்கள் ஆண்டு எண்ணையே பரிந்துரைக்கிறோம். ஒருவர் 24.8.0, இன்னொருவர் 24.10.0 வைத்திருந்தாலும் இருவருக்கும் ஒரே வடிவம்தான் வரும். அவர்களைத் தடுத்து நிறுத்தத் தேவையில்லை. ஆண்டு பொருந்தாவிட்டால் பிளாக் எந்தக் கோப்பையும் தொடாமல் பிழை சொல்லி நின்றுவிடும்.

பதிப்பு எண் ஒளிந்திருக்கும் மற்ற இடங்களையும் தேடுங்கள். பிரீ-கமிட் (கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் மாற்றங்களைப் பதியும் முன், அதாவது கமிட் செய்யும் முன், சோதனைகளை ஓட்டும் கருவி) அமைப்புக் கோப்பில் 'ரெவ்' வரி ஒன்று. கிட்ஹப் ஆக்‌ஷனில் 'ஸ்டேபிள்' என்ற டேக் இன்னொன்று: அது எப்போதும் கடைசி வெளியீட்டைத்தான் காட்டும், ஜனவரிக் குழப்பம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கே வெர்ஷன் உள்ளீட்டைத் தெளிவாகக் கொடுங்கள். மூன்றாவது, விஎஸ் கோட் நீட்சி. அது தனக்கென ஒரு பிளாக்கைக் கூடவே கொண்டுவருகிறது. அதன் 'இம்போர்ட் ஸ்ட்ராட்டஜி' அமைப்பை 'ஃப்ரம் என்விரான்மென்ட்' என்று மாற்றினால், உங்கள் மெய்நிகர் சூழலில் உள்ள பிளாக்கையே எடுத்துக்கொள்ளும். சேமித்தால் ஒரு வடிவம், கமிட் செய்தால் இன்னொரு வடிவம் என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: வரப்போவதை முன்பே பாருங்கள்

நவம்பர், டிசம்பர் வாக்கில், கையில் இருக்கும் பதிப்பைக் கொண்டே இதை ஓட்டுங்கள்:

```
பிளாக் --பிரிவியூ --டிஃப் .
```

டிஃப் இருப்பதால் கோப்புகள் மாறாது. வேறுபாடு திரையில் மட்டும் வரும். முன்னோட்டத்தில் உள்ள எல்லாமே ஜனவரியில் ஏறிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில இன்னொரு ஆண்டு காத்திருக்கும்.

பிரிவியூவை அமைப்புக் கோப்பிலேயே போட்டு வைக்கலாமா? பலர் பகிரும் திட்டத்தில் வேண்டாம். நிலைத்தன்மைக் கொள்கை பிரிவியூவுக்கும் அன்ஸ்டேபிளுக்கும் பொருந்தாது. மாதந்தோறும் வடிவம் மாறலாம். பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு கமிட்டுகளாகப் பிரியுங்கள்

24இலிருந்து 25க்குப் போவதாக வைத்துக்கொள்வோம். தனி பிராஞ்ச் (கிளை) ஒன்றைத் திறங்கள். முதல் கமிட்டில் பதிப்பு எண்கள் மாறட்டும்: பைபுராஜெக்ட், பிரீ-கமிட், சிஐ. பிறகு பிளாக் 25.1.0ஐ நிறுவி, திட்டம் முழுவதும் ஓட்டி, வந்த மாற்றத்தை இரண்டாம் கமிட்டாகப் போடுங்கள். அதில் கையால் செய்த ஒரு திருத்தம்கூட இருக்கக் கூடாது. ஏன் என்பது படி 5இல் புரியும்.

நிரலின் பொருள் மாறிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. பிளாக் ஒவ்வொரு கோப்பையும் எழுதும் முன், பழைய நிரலின் தொடரியல் மரத்தையும் புதியதன் மரத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் கோப்பைத் தொடாமல் பிழை தருகிறது. டாக்ஸ்ட்ரிங்கின் (நிரலுக்குள் எழுதும் விளக்கச் சரத்தின்) உள்தள்ளலைப் பிளாக்கே சரிசெய்வதால் அந்த இடைவெளி மாற்றங்களுக்கு மட்டும் இந்த ஒப்பீட்டில் விலக்கு உண்டு. டாக்ஸ்ட்ரிங்கை நிரலுக்குள்ளேயே படித்துப் பயன்படுத்துபவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். --ஃபாஸ்ட் கொடுத்தால் இந்தச் சோதனை நின்றுவிடும். முழுத் திட்டத்தையும் மாற்றும் நாளில் அதைக் கொடுக்காதீர்கள்.

வேறுபாட்டைப் படிக்கும்போது விதி விதியாகப் படியுங்கள், கோப்பு கோப்பாக அல்ல. 22.1.0இல் வந்த அடுக்குக்குறி விதியை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
பரப்பு = பக்கம் ** 2      →  பரப்பு = பக்கம்**2
பரப்பு = அளவு_எடு() ** 2  →  மாற்றமில்லை
```

இருபுறமும் எளிய பெயரோ எண்ணோ இருந்தால் இடைவெளி போகும்; செயற்கூற்று அழைப்பு இருந்தால் அப்படியே நிற்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் நூறு இடங்களை ஒரே பார்வையில் கடந்துவிடலாம். 25.1.0இல் வந்தவற்றில் இரண்டு: யூனிகோட் எஸ்கேப்பில் உள்ள பதினாறடிமான எழுத்துகள் சிறிய எழுத்தாகின்றன, மேட்ச் கூற்றின் கேஸ் வரியில் வரும் நிபந்தனை நீண்டுபோனால் அதைச் சுற்றி அடைப்புக்குறி விழுகிறது.

கையால் நேர்த்தியாக அடுக்கிய அணி, அட்டவணை போன்றவை கலைந்தால், அந்த இடத்துக்கு மேலும் கீழும் # ஃபெம்ட்: ஆஃப், # ஃபெம்ட்: ஆன் என்ற குறிப்புகளை இடுங்கள் (ஃபெம்ட் என்பதை fmt என்று தட்டுங்கள்). ஆனால் அவற்றை முதல் கமிட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக `பிளாக் --செக் .` ஓட்டிப் பாருங்கள். வெளியேறும் குறி 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் இன்னும் மாற வேண்டிய கோப்பு இருக்கிறது. 123 என்றால் பிளாக்கே ஏதோ கோப்பில் தடுக்கி விழுந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கோப்பில் தொடரியல் பிழை இருக்கும்.

படி 4: பிளேமிலிருந்து அந்தக் கமிட்டை விலக்குங்கள்

இல்லாவிட்டால் எந்த வரியைக் கேட்டாலும், எழுதியவர் பெயருக்குப் பதில் வடிவமைத்தவர் பெயரைத்தான் கிட் பிளேம் காட்டும். கிட் 2.23 முதல் இதற்கு வழி இருக்கிறது. திட்டத்தின் வேர் அடைவில் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பை உருவாக்கி, இரண்டாம் கமிட்டின் 40 எழுத்து முழு ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியை) ஒரு வரியில் எழுதுங்கள். மேலே # போட்டு "பிளாக் 25 நடை" என்று குறிப்பும் வைக்கலாம். கிட்ஹப் இந்தப் பெயரைத் தானாகவே கண்டுகொள்ளும். உங்கள் கணினியில் ஒருமுறை இதை ஓட்ட வேண்டும்:

```
கிட் கான்ஃபிக் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்
```

இதைக் குளோபல் அமைப்பாகப் போடாதீர்கள். அந்தக் கோப்பு இல்லாத மற்ற திட்டங்களில் கிட் பிளேம் பிழை தந்து நின்றுவிடும்.

ஹாஷை எப்போது எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்குவாஷ் (எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக்குவது) அல்லது ரீபேஸ் (கமிட்டுகளைப் புதிதாக மறுபடி அடுக்குவது) முறையில் இணைத்தால் ஹாஷ் மாறிவிடும்; பிராஞ்சில் இருந்த பழைய ஹாஷ் மெயின் என்ற முதன்மைக் கிளையில் இருக்காது. எனவே முதலில் இணைத்துவிட்டு, மெயினில் உள்ள ஹாஷைப் பார்த்து, அடுத்த சிறு கமிட்டாக அந்தக் கோப்பைச் சேருங்கள். இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் ஸ்குவாஷ் வேண்டாம். இரண்டு கமிட்டுகளும் தனித்தனியாக மெயினுக்குப் போக வேண்டும்.

படி 5: திறந்திருக்கும் பிராஞ்சுகளைக் காப்பாற்றுங்கள்

புதுப்பிப்பில் ஆட்களுக்கு வலி தருவது இதுதான். பாதி வேலையில் இருக்கும் பிராஞ்சில் மெயினை நேரடியாக இணைத்தால், வடிவம் மாறிய வரிகளிலெல்லாம் மோதல் வரும். கையால் தீர்க்க உட்கார்ந்தால் வேலை முடியாது. பிழையும் நுழையும்.

இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், பதிப்பு எண் மாறிய முதல் கமிட்டை மட்டும் உங்கள் பிராஞ்சில் இணையுங்கள். இங்கே வரும் மோதல்கள் உண்மையான மோதல்கள், வழக்கம்போலத் தீருங்கள். இரண்டாவது, புதிய பிளாக்கை நிறுவி உங்கள் பிராஞ்ச் முழுவதும் ஓட்டி கமிட் செய்யுங்கள். மூன்றாவது, வடிவமைப்புக் கமிட்டை 'அவர்ஸ்' உத்தியில் இணையுங்கள்:

```
கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ் <வடிவமைப்புக் கமிட்டின் ஹாஷ்>
```

"அந்தக் கமிட்டை ஏற்றுக்கொண்டேன், ஆனால் கோப்புகள் என்னிடம் இருப்பது போலவே இருக்கட்டும்" என்று கிட்டிடம் சொல்கிறோம். உங்கள் கோப்புகள் ஏற்கெனவே புதிய வடிவில் இருப்பதால் எதுவும் இழக்கப்படாது. இதற்குப் பிறகு மெயினை வழக்கம்போல இணைக்கலாம்.

வடிவமைப்புக் கமிட்டில் கைத்திருத்தம் கூடாது என்று சொன்னதன் காரணம் இங்கே இருக்கிறது. அவர்ஸ் உத்தி அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடும். யாராவது அதற்குள் ஒரு பிழைத்திருத்தத்தைச் செருகியிருந்தால், அது சத்தமில்லாமல் காணாமல் போகும். இந்தப் பிராஞ்ச் மெயினுக்குத் திரும்பும்போது மெயினிலும் அழியும். கவனிக்க எந்த எச்சரிக்கையும் வராது.

பிடிக்காத விதி வந்தால்

சில விதிகளை நிரந்தரமாக அணைக்க வழி உண்டு. மேஜிக் காமாவுக்கு --ஸ்கிப்-மேஜிக்-டிரெய்லிங்-காமா, மேற்கோள்குறி மாற்றத்துக்கு --ஸ்கிப்-ஸ்ட்ரிங்-நார்மலைசேஷன். பெரும்பாலான விதிகளுக்கு அப்படிப்பட்ட பொத்தான் கிடையாது. வேண்டுமென்றேதான் தரவில்லை; விருப்பத் தேர்வுகள் பெருகினால் ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு நடையில் போய்விடும்.

உங்கள் எதிர்ப்பு பயன்பட வேண்டுமென்றால் அது விதி முன்னோட்டத்தில் இருக்கும்போதே பிளாக்கின் கிட்ஹப் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது. நான்கைந்து வரிகளில் சுருக்கிய நிரல், பிரிவியூ இல்லாமல் அது எப்படி வருகிறது, பிரிவியூவுடன் எப்படி வருகிறது, ஓட்டிய பதிப்பு எண், பைபுராஜெக்டில் உள்ள பிளாக் அமைப்பு: இவ்வளவையும் சேர்த்து எழுதுங்கள்.

அதற்கு முன் பழைய புகார்களைத் தேடிப் பாருங்கள். அதே விதியைப் பற்றி ஏற்கெனவே ஒரு விவாதம் திறந்திருந்தால், உங்கள் எடுத்துக்காட்டை அங்கேயே சேர்த்துவிடுங்கள்.