அரைகுறை மலையாளத்தில் சாட்சி சொல்லாதீர்கள்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இருக்கும் தமிழர்களான நமக்கு மலையாளம் நன்றாகவே புரியும். சந்தையில் பேரம் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் அது தாராளம். அந்தத் தைரியத்தில் சித்தூர், பாலக்காடு கோர்ட்டுகளில் கூண்டேறியும் மலையாளத்திலேயே பதில் சொல்லப் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. ஜட்ஜுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற மரியாதைதான். ஆனால் குறுக்கு விசாரணையில் வக்கீல் வேகமாகக் கேட்கும்போது, கேள்வி பாதி விளங்காமலே 'ஆமாம்' என்று தலையாட்டினால், அந்த 'ஆமாம்' பதிவாகிவிடும்.

தமிழில்தான் சொல்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்திலும் சரி, அதற்கு முந்தைய சட்டத்திலும் சரி, இதற்கு இடம் உண்டு. சாட்சியம் முடிந்ததும் பதிவானதை வாசித்துக் காட்ட வேண்டும். நமக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும். கோர்ட் அவசரத்தில் இது ஓட்டமாக நடந்துவிடும். 'சரி, சரி' என்று இறங்கிவிடாமல் நின்று கேளுங்கள். தப்பாக இருந்தால் சொல்லுங்கள். ஜட்ஜ் திருத்தாவிட்டாலும் உங்கள் ஆட்சேபத்தைக் குறித்து வைத்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதே உரிமை: புரியாத மொழியில் யாராவது சாட்சி சொன்னால், திறந்த கோர்ட்டிலேயே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கையெழுத்து. விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பதே சட்டம். மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைப் போலீஸ் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் தாள், அப்படியல்ல. ரோட்டில் பைக் விழுந்து கிடக்கிறது, லாரி நிற்கிறது, வேடிக்கை பார்க்கப் போன உங்களிடம் மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டுகிறார்கள். லாரி தார் ரோட்டின் எந்த ஓரத்தில் நின்றது என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போட்ட கையெழுத்தைத்தான் பின்னாளில் காட்டி, 'இது உங்களுடையதுதானே?' என்பார்கள். படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் பேனாவை வாங்குங்கள்.

பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் இல்லை. மணி ஏழா, ஏழரையா என்று ஊகித்துச் சொல்லி, போலீஸிடம் சொன்னதோடு முரண்பட்டு மாட்டிக்கொள்பவர்களே அதிகம். தெரிந்தே பொய் சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை. கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டேன் என்று சம்மனை ஒதுக்காதீர்கள். வாரண்ட் எல்லை தாண்டியும் வரும். போனால் பேட்டா (சாட்சிக்கான செலவுப் பணம்) உண்டா என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, சாட்சிகளின் வாக்குமூலம் முடிந்தபின் ஜட்ஜ் நேரடியாகக் கேட்கும் கேள்விகளை அலட்சியப்படுத்துவது. இங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது. சொன்னால் அதைக் கோர்ட் கணக்கில் எடுக்கலாம். நியாயமான விளக்கம் கையில் இருந்தும் எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? வக்கீலோடு உட்கார்ந்து முன்கூட்டியே யோசியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் கோர்ட்டிடமே சொல்லுங்கள், அரசு செலவில் ஒருவரை அமர்த்த வேண்டும்.

ஜாமீனில் வந்தவர் சாட்சி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா' என்பதும் இங்கே சகஜம். சொந்தக்காரர் என்ற உரிமையில் போனாலும் ஜாமீன் ரத்தாகலாம். சாட்சிக்கு மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட அளவில் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதியின் தலைமையிலான குழு அதை முடிவு செய்யும்.