ஆங்கில மரபுத்தொடரின் பிறப்புக் கதையைச் சரிபார்க்கும் முறை

ஆங்கில மரபுத்தொடர்கள் எப்படித் தோன்றின என்று விளக்கும் கதைகள் வாட்ஸ்அப்பிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றுள் கணிசமானவை பிற்காலப் புனைவுகள். வகுப்பில் சொல்வதற்கோ கட்டுரையில் எழுதுவதற்கோ முன் அவற்றைச் சோதிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை போதும்.

முதலில், கேள்விப்பட்ட கதை எந்தக் காலத்தில், எந்த இடத்தில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தொடரின் மிகப் பழைய எழுத்துச் சான்றைத் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள்களைத் தருகிறது. அதற்குச் சந்தா இல்லாதவர்கள் எட்டிம்ஆன்லைன் தளத்தில் தொடங்கலாம். 'ரூல் ஆஃப் தம்ப்' என்ற தொடருக்கு, கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கோலால் மனைவியை அடிக்க ஆங்கிலேயச் சட்டம் அனுமதித்தது என்ற கதை உண்டு. அப்படித் தீர்ப்புரைத்ததாகப் பழிக்கப்பட்டவர் நீதிபதி ஃபிரான்சிஸ் புல்லர். அவரைக் கேலி செய்து ஜேம்ஸ் கில்ரே சித்திரம் வரைந்தது 1782-இல். ஆனால் உத்தேசக் கணக்கு என்ற பொருளில் இத்தொடர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருப்பதால், கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆண்டு பொருந்தினாலும் செயல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தவிர்க்க முடியாத துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்பதைக் குறிக்கும் 'பைட் த புல்லட்' என்ற தொடர், 1857-இல் சிப்பாய்கள் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்ததிலிருந்து பிறந்தது என்று நம் நாட்டில் விரும்பிச் சொல்லப்படுவதுண்டு. சிப்பாய்கள் பல்லால் கிழிக்க வேண்டியிருந்தது மருந்தும் குண்டும் வைத்துச் சுற்றிய காகித உறையைத்தான், குண்டை அல்ல. மேலும், கசையடி வாங்கும்போது அலறாமலிருக்க ஆங்கிலேயப் படைவீரர்கள் ஈயக் குண்டை மெல்வார்கள் என்று ஃபிரான்சிஸ் கிராஸின் கொச்சைமொழி அகராதி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பதிவு செய்திருக்கிறது. கிராஸ் சொல்வது ஒரு வழக்கத்தை மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய பொருளில் தொடருக்குப் பழைய சான்றாகப் பொதுவாகக் காட்டப்படுவது 1891-இல் கிப்ளிங் எழுதிய நாவல். ஆகவே கசையடி விளக்கம் வலுவானது என்று எழுதலாம், முடிந்த முடிவு என்று எழுதலாகாது.

தேடும்போது இன்றைய வடிவத்தை மட்டும் தேடினால் பழைய சான்று கைக்கு அகப்படாது. நாயும் பூனையுமாக மழை பெய்வதாகச் சொல்லும் தொடர், 1650-களில் ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாயும் மரநாயும் பெய்வதாக வருகிறது. இன்றைய வடிவம் 1738-இல் ஜொனாதன் ஸ்விஃப்டிடம் கிடைக்கிறது. வைக்கோல் கூரையில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தன என்ற விளக்கமோ 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு வேடிக்கைக் குறிப்பால் பரவியது. கூரை வீட்டைப் பார்த்திருக்கும் நம் வாசகருக்கு, நாய் அதன் மேல் எப்படி ஏறிப் படுக்கும் என்ற ஐயமாவது எழ வேண்டும். கூகுள் புக்ஸில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: சில இதழ்களின் எல்லாத் தொகுதிகளுக்கும் அவ்விதழ் தொடங்கிய ஆண்டையே அது காட்டிவிடும்; பக்கத்தின் படத்தைத் திறந்து அச்சான ஆண்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிறந்ததாகச் சொல்லும் விளக்கங்களை எடுத்த எடுப்பிலேயே சந்தேகிக்கலாம். முதல் உலகப் போருக்கு முன் அவ்வாறு சொல்லாக்கும் பழக்கம் மிக அரிது. இந்தியாவுக்கு வருகையில் கப்பலின் இடப்பக்கமும் திரும்புகையில் வலப்பக்கமும் வெயில் படாத அறைகள் பெற்ற செல்வர்களின் பயணச்சீட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளாக அச்சிடப்பட்டதே, ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்பார்கள். அவ்வெழுத்துகள் பொறித்த பி அண்ட் ஓ கப்பல் நிறுவனப் பயணச்சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

இறுதியாக, கண்டதை எழுதும்போது மிகப் பழைய சான்றின் ஆண்டையும் விளக்கத்தின் வலுவையும் தனித்தனியே குறியுங்கள். சாவதைக் குறிக்கும் 'கிக் த பக்கெட்' கிராஸின் 1785 அகராதியில் இருக்கிறது. அதன் பிறப்புக்கு, தூக்கிலிட்டுக்கொள்பவர் எட்டி உதைக்கும் வாளி என்றும், வெட்டிய பன்றியைத் தொங்கவிடும் உத்தரத்துக்கு வழங்கிய வட்டாரப் பெயர் என்றும் இரு விளக்கங்கள் உள்ளன. இரண்டையும் தந்து, பின்னதையே அகராதியாளர் பலர் ஏற்கின்றனர் என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.