எக்செல் பில்லில் காணாமல் போன ஒரு பைசா

மச்சானின் ஹார்டுவேர் கடைக்கு எக்செலில் ஒரு பில் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கணக்குப்பிள்ளை கால்குலேட்டரும் கையுமாக வந்து நின்றார். "கூட்டிப் பார்த்தா ஒரு பைசா இடிக்குது தம்பி." ஃபார்முலாவில் தப்பே இல்லை. பாதி ராத்திரி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பில் வடிவம் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: தப்பை வரவழையுங்கள்

பி2, பி3, பி4 மூன்றிலும் 105.40 என்று அடியுங்கள். பக்கத்தில் சி2-இல் =பி2*9% போட்டுக் (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்) கீழே இழுங்கள். இது சிஜிஎஸ்டி, அதாவது ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கு. இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி வையுங்கள். மூன்றிலும் 9.49 தெரியும். எக்செல் கூட்டினால் 28.46 வரும். கையால் கூட்டினால் 28.47!

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். தசமத்தைக் குறைக்கும் பொத்தானை அமுக்கினால் எண்ணும் ரவுண்ட் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. மாறுவது கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். உள்ளே 9.486 அப்படியே உட்கார்ந்திருக்கும். மூன்றையும் கூட்டினால் 28.458, அதுதான் 28.46 ஆகக் காட்டுகிறது. மாநிலப் பங்கான எஸ்ஜிஎஸ்டியிலும் இதே கதை என்பதால் பில்லில் மொத்தம் இரண்டு பைசா உதைக்கும்.

படி 2: ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்ட்

சி2-இல் =ரவுண்ட்(பி2*9%,2) என்று மாற்றுங்கள் (இதுவும் ஆங்கிலத்தில்தான், ROUND என்று). இப்போது உள்ளே இருப்பதும் 9.49, கூட்டலும் 28.47.

எக்செல் அமைப்புகளில், தெரிகிற எண்ணையே உண்மையான எண்ணாக்கும் ஒரு வசதி உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். அடித்து வைத்த எண்களையும் நிரந்தரமாக மாற்றிவிடும், திரும்பக் கிடைக்காது.

படி 3: அவசரப்பட்டு ரவுண்ட் பண்ணாதீர்கள்

வரியோடு 1000 ரூபாய் விலை, 18% வரி. வரி இல்லாத விலை தெரிய 1.18 ஆல் வகுத்தால் 847.4576... இதை 847 ஆக்கிவிட்டு வரி போட்டால் மொத்தம் 999.46 தான். 847.46 என்று பைசா வரை வைத்தால் வரி 152.54, மொத்தம் சரியாக 1000. ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணுவது கடைசி மொத்தத்தில் மட்டும், அதுவும் தனி வரிசையாக. நம் பில்லில் விலை 316.20, இரண்டு ஜிஎஸ்டியும் சேர்த்து 56.94, ஆக 373.14 வரும், ரவுண்ட் ஆஃப் –0.14 என்று காட்டி 373 வாங்குங்கள்.

மிச்சத் தசமத்தை அப்படியே வெட்டிவிடும் ரவுண்ட்டவுன் வேண்டவே வேண்டாம். கனடாவில் வான்கூவர் பங்குச்சந்தை 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்றாம் தசமத்துக்குப் பின் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் அது 524 அளவில் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டால் 1098.892!

பின்சேர்க்கை: பைத்தான் என்ற நிரல்மொழியில் 2.5-ஐ ரவுண்ட் பண்ணினால் 2 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பிழையில்லை. சரிபாதியாக இருந்தால் இரட்டை எண் பக்கம் போவது அதன் வழக்கம். எக்செல் 3 என்றுதான் சொல்லும். ஆனால் 2.675-ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் பைத்தான் 2.67 தருவதற்குக் காரணம் வேறு: இரும எண்ணாகச் சேமிக்கும்போதே அது 2.675-க்கு ஒரு மயிரிழை கீழே போய்விடுகிறது. காசுக் கணக்கென்றால் பைத்தானில் தசம எண்களைத் தசமமாகவே வைத்துக் கணக்குப் போடும் டெசிமல் மாட்யூலை எடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணில் போடுங்கள். நான் பைசா கட்சி.